மதுரை யானைகளும் லண்டன் ஏடுகளும்

தில்லித் தமிழர் வீட்டுக்கு வந்துவிட்டு குதுப்மினாரைப் பார்க்காமல் ஊர் திரும்பிய உறவினர் எவரும் இருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமாவையும் வழக்கம்போல் அங்கே அழைத்துச் சென்றேன். மினாருக்குப் பக்கத்தில் சிவப்புக் கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் கலந்து கட்டிய அழகான வாயில் மண்டபம் ஒன்று இருக்கிறது. அலாவுத்தீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசா. அது எழுந்த ஆண்டு 1311 என்று நான் சொன்னதும் மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"1311ன்னா மாலிக் காபூர் மதுரைக்கு வந்த வருஷமில்லையாப்பா? அப்படின்னா இந்தக் கட்டடத்துல எங்க ஊர்ப் பொன்னும் கலந்திருக்குமோ?"

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிய பிறகு அந்தக் கேள்வியே வேறொரு கேள்வியாக மாறி மனத்தைக் குடைந்தது. மாலிக் காபூர் மதுரைக்கு வந்தார் என்பதே நமக்கு எப்படித் தெரியும்? யார் எழுதி வைத்தார்கள்? அந்த ஏடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? அதைத் தேடிப் போனபோதுதான் சர் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயரின் கதை கிடைத்தது. நமது வாசகர்களுக்கும் அது பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

கோஹினூரில் கையெழுத்திட்டவர்

கோஹினூர் வைரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் அவ்வப்போது எழுவது உண்டு. அந்த வைரம் விக்டோரியா மகாராணிக்குப் போனது 1849 மார்ச் 29ஆம் தேதி லாகூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி. சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கின் அரசைக் கம்பெனி ஆட்சியோடு சேர்த்துக்கொண்ட ஒப்பந்தம் அது. பேச்சு வார்த்தை நடத்தி, கம்பெனி சார்பில் அதில் கையெழுத்திட்டவர்களில் முக்கியமானவர், அப்போது இந்திய அரசின் வெளியுறவுத் துறைச் செயலாளராக இருந்த ஹென்றி மையர்ஸ் எலியட். அந்தப் பணிக்காகவே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

1808ஆம் ஆண்டு பிறந்த எலியட், இருபது வயதுக்குள்ளேயே கம்பெனி உத்தியோகஸ்தராக இந்தியா வந்தவர். பரேலியிலும் தில்லியிலும் மீரட்டிலும் பணி புரிந்தார். தில்லியில் அவர் வகித்தது அரசியல் ஏஜெண்டின் உதவியாளர் பதவி. பின்னர் வடமேற்கு மாகாண வருவாய் வாரியத்தின் செயலாளரானார். 1847இல் வெளியுறவுச் செயலாளர் பதவி வந்தது. பகலில் அரசாங்கக் காகிதங்கள், மற்ற நேரத்தில் பழைய பாரசீகச் சுவடிகள் என்று வாழ்ந்தவர் அவர்.

சுவடி தேடிய கதை

எலியட்டின் தேடல் தொடங்கியதற்கு ஒரு சிறிய காரணம் உண்டு. வடமேற்கு மாகாணக் கல்லூரிகளில் படிக்க, முஸ்லிம் ஆட்சிக்கால வரலாற்று நூல்களை அச்சிடலாமா என்று ஒரு யோசனை எழுந்தது. எலியட்டின் கருத்தையும் கேட்டார்கள். அச்சிடுவதற்கு முன் என்னென்ன நூல்கள் இருக்கின்றன, எவரிடம் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லையே, முதலில் ஒரு பட்டியல் வேண்டும் என்பது அவர் நிலை. அந்தப் பட்டியலின் முதல் தொகுதி 1849இல் வெளிவந்தது.

அன்றைய நிலைமையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1837இல் கம்பெனி அரசு நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பாரசீக மொழியை விலக்கிவிட்டது. பல தலைமுறைகளாக அந்த மொழியால் பிழைத்த குடும்பங்களில், பாட்டன் சேர்த்து வைத்த சுவடிகளைப் பேரன் படிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஓலைச்சுவடிகளை அடுப்பில் போட்டதையும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வடக்கே காகிதச் சுவடிகளைக் கரையானும் ஈரமும் தின்றன.

எலியட்டுக்குச் சுவடி கொடுத்து உதவியவர்களில் ஒரு தில்லிவாசியை மறக்கக் கூடாது. லோஹாரு நவாப் குடும்பத்தைச் சேர்ந்த ஜியாவுத்தீன் அகமது கான் அவர். கவிஞர், பெரிய நூலகம் வைத்திருந்தவர், மிர்ஸா காலிபுக்கு மனைவி வழி உறவினர். தாமே வரலாற்றில் ஊறியவராதலால் எந்த நூல் அரியது, எந்தப் படி நம்பத் தகுந்தது என்று சொல்லத் தெரிந்தவர். ஆங்கிலேய அதிகாரி சேர்த்தார் என்று நாம் சொல்லும் தொகுப்புகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உள்ளூர் அறிஞர்களும், பெயர் தெரியாத எழுத்தர்களும், மூல நூலைப் பிரித்துக் கொடுத்து படி எடுக்கச் சம்மதித்த குடும்பங்களும் இருந்தார்கள்.

ஒரு புள்ளியில் மாறும் ஊர்ப்பெயர்

பாரசீகச் சுவடியைப் படிப்பது எளிதல்ல. அரபு எழுத்து முறையில் எழுதப்படும் அந்த மொழியில் குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை. சொல்லின் நடுவில் வரும்போது ப, த, ந, ய ஆகிய எழுத்துகளுக்கு ஒரே சிறு பல் போன்ற வடிவம்தான். மேலே ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா, கீழே ஒன்றா, இரண்டா என்பதைக் கொண்டே எழுத்து எது என்று அறிய வேண்டும். அவசர எழுத்தர் புள்ளியை விட்டுவிட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத, எகர ஏகார வேறுபாடு காட்டாத நம் ஓலைச்சுவடிகளோடு போராடியவர்களுக்கு இந்தத் துன்பம் புரியும்.

தெரிந்த பாரசீகச் சொல்லானால் ஊகித்துவிடலாம். தமிழ் ஊர்ப்பெயராக இருந்தால் என்ன செய்வது? தெற்கைப் பார்த்தறியாத எழுத்தர் ஒருவர் பார்த்து எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, நான்கு கை மாறுவதற்குள் ஊரே மாறிவிடும். மதுரை என்பது வடமதுரையைப் போலவே 'மத்ரா' என்று நிற்கிறது. பட்டினம் 'பதன்' ஆகிறது. 'கந்தூர்' என்று வருவது சமயபுரம் அருகிலுள்ள கண்ணனூர் என்று அறிஞர் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் கண்டு சொன்னார். 'பீர்தூல்' என்ற இடம் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இதனால்தான் ஒரே நூலுக்குப் பல படிகள் தேவைப்படுகின்றன. சுவடியின் கடைசிப் பக்கத்தில் படி எடுத்தவர் தம் பெயரையும் நாளையும் குறித்திருப்பார். முதல் பக்கத்தில் கை மாறிய உரிமையாளர்களின் முத்திரைகள் இருக்கும். இவற்றை வைத்து எந்தப் படி மூலத்துக்கு அருகில் இருக்கிறது என்று முடிவு செய்வார்கள்.

எட்டுத் தொகுதிகள்

எலியட் தம் வேலையை முடிக்கவில்லை. உடல்நலம் கெட்டு, 1853இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் காலமானார். வயது 45தான். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஜான் டௌசன் என்ற பேராசிரியர் சீர்படுத்தி, விடுபட்டவற்றைத் தாமே மொழிபெயர்த்துச் சேர்த்து, 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். 'இந்தியாவின் வரலாறு, அதன் சொந்த வரலாற்றாசிரியர்கள் சொன்னபடி' என்பது தலைப்பின் பொருள். முதல் தொகுதியில் சுலைமான், மசூதி, இத்ரீசி முதலிய அரபுப் பயணிகளும் புவியியலாளர்களும் இடம் பெற்றார்கள். மற்றவை பெரும்பாலும் பாரசீக நூல்கள்.

எலியட்டின் சுவடிகளை அடுத்த ஆண்டே, அதாவது 1878இல், பிரிட்டிஷ் மியூசியம் விலைக்கு வாங்கியது. சார்லஸ் ரியூ என்ற அறிஞர் தயாரித்த பாரசீகச் சுவடிகளின் அட்டவணையில் அவை விவரமாகக் குறிக்கப்பட்டன. இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன.

நமக்கு அதில் என்ன இருக்கிறது?

அரபு, பாரசீக நூல்களில் நம் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்குப் பெயர் 'மஅபர்'. கடந்து செல்லும் துறை என்று பொருள். கொல்லம் முதல் நெல்லூர் வரை நீண்ட நாடு அது என்று பாரசீக அமைச்சரும் வரலாற்றாசிரியருமான ரஷீதுத்தீன் எழுதுகிறார். ஷிராஸ் நகரத்து வஸ்ஸாப் குதிரை வியாபாரக் கணக்கே தருகிறார். பாண்டியருக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைக் கொடுக்க ஒரு வணிகர் உடன்பட்டிருந்தாராம். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொற்காசு. அந்த வணிகரின் சகோதரரே பாண்டியனிடம் அமைச்சராக இருந்து காயல் முதலிய துறைமுகங்களைக் கவனித்துக்கொண்டார் என்றும் வஸ்ஸாப் சொல்கிறார். நம் கல்வெட்டுகள் கோயிலுக்கு விட்ட நிலத்தையும் நிறுத்திய விளக்கையும் சொல்லும். துறைமுகத்தில் இறங்கிய குதிரைக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள இந்த நூல்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

மாலிக் காபூர் கதைக்கு வருவோம். இதற்கு முக்கியமான சாட்சிகள் மூவர்.

முதலாமவர் அமீர் குஸ்ரோ. நிஜாமுத்தீன் தர்காவில் தம் குருவின் அருகில் அடக்கமாகியிருக்கும் அதே கவிஞர்தான். அலாவுத்தீனின் அவைக் கவிஞராக இருந்து, 'கஜாயினுல் புதூஹ்' என்ற உரைநடை நூலில் அரசனின் வெற்றிகளை அந்தக் காலத்திலேயே எழுதியவர். அவர் கணக்குப்படி படை தில்லியை விட்டது 1310 நவம்பரில். 1311 பிப்ரவரியில் ஹொய்சளரின் துவாரசமுத்திரம், மார்ச்சில் தமிழ்நாடு, ஏப்ரலில் மதுரை. வழியெல்லாம் மழை வெள்ளம். மதுரை வெறிச்சோடிக் கிடந்தது, பாண்டியன் அரசியரோடு முன்பே வெளியேறிவிட்டான், இரண்டு மூன்று யானைகளே மிஞ்சியிருந்தன, கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். பாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள் என்ற செய்தியும் அவர் தருவதே.

1311 அக்டோபரில் காபூர் தில்லி திரும்பினார். சிரி அரண்மனையில் சுல்தான் தர்பார் நடத்திக் கொள்ளைப் பொருள்களைப் பார்வையிட்டார். இன்று நம் பெண் குழந்தைகளின் அரங்கேற்றத்துக்கும் கச்சேரிக்கும் நாம் போய்வரும் சிரிபோர்ட் அரங்கத்தின் அக்கம்பக்கம்தான் அந்தப் பழைய சிரி. அங்கேதான் தென்னாட்டு யானைகள் வரிசையாக நின்றன.

எத்தனை யானைகள்? குஸ்ரோ 512 என்கிறார். குதிரைகள் 5,000 என்கிறார். இரண்டாவது சாட்சியான ஜியாவுத்தீன் பரணி 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு பொன் என்று எழுதுகிறார். பரணி எழுதியது 1357 வாக்கில். எழுபது வயதைத் தாண்டி, பதவியும் பணமும் இழந்த நிலையில், நினைவிலிருந்து எழுதினார். நம் பள்ளிப் புத்தகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி வருவது பரணியின் பெரிய கணக்குத்தான். அன்றைய தில்லி மணங்கு பிற்கால 37 கிலோ மணங்கைவிட மிகச் சிறியது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது சாட்சி மேலே சொன்ன வஸ்ஸாப். சுந்தர பாண்டியன் தன் தந்தை குலசேகரனைக் கொன்றான், தம்பி வீர பாண்டியனிடம் தோற்றான், உடனே தில்லிக்கு ஓடி அடைக்கலம் கேட்டான் என்பது அவர் எழுதியது. 'பாண்டியனே பகைவனை அழைத்தான்' என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் கதைக்கு ஆதாரம் இதுதான். ஆனால் படையனுப்பிய தில்லியில் இருந்துகொண்டு எழுதிய குஸ்ரோவிடம் இந்தச் செய்தி இல்லை. பரணியிடமும் இல்லை. குஸ்ரோவின் நூலில் பாண்டியச் சகோதரர் இருவருமே எதிரிகள். தில்லிக்கு அடைக்கலம் கேட்டு ஒரு மன்னன் ஓடி வந்திருந்தால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் சொல்லவில்லை. கடல் கடந்து ஷிராஸில் இருந்தவர் சொல்கிறார். இதைக் கேட்ட பிறகு அந்தப் பழைய கதையை முன்போல் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எலியட்டின் நோக்கம்

இவ்வளவையும் நமக்குத் தெரிய வைத்தவர் என்பதால் எலியட்டுக்கு நன்றி சொல்லி நிறுத்திவிடலாமா? அவரே எழுதிய முன்னுரையைப் படித்தால் தயக்கம் வருகிறது. பழைய முஸ்லிம் அரசர்களின் கொடுமைகளை அவர்களுடைய ஆசிரியர்களின் வாயிலிருந்தே கேட்டால், ஆங்கிலேய ஆட்சியில் எவ்வளவு சுகமாக இருக்கிறோம் என்பதை இந்தியர்கள் உணர்வார்கள். உரிமை, நாட்டுப்பற்று என்று பேசத் தொடங்கியிருக்கும் படித்த பாபுக்களின் வாயும் அடங்கும் என்பது அவர் வாதம். ஒளிவு மறைவு இல்லாமல் அச்சிலேயே சொல்லியிருக்கிறார்.

நோக்கம் இப்படி இருக்கும்போது, ஒரு பெரிய நூலிலிருந்து எந்தப் பக்கத்தை எடுப்பது, எதை விடுவது என்பதும் அதையொட்டியே அமையும். போரும் கொலையும் கோயில் இடிப்பும் தொகுதிகளில் நிரம்பின. கவிதை, சூபிகளின் உரையாடல்கள், சாதாரண மக்களின் வாழ்க்கை ஆகியவற்றுக்கு இடம் குறைந்தது. குஸ்ரோவின் நூலோ முழுக்க முழுக்கச் சொல் விளையாட்டும் உவமையும் நிறைந்தது. அதைச் சுருக்கி நேரடிச் செய்தியாக மொழிபெயர்த்தபோது, கவிஞன் அலங்காரத்துக்குச் சொன்னது எது, உண்மையில் நடந்தது எது என்ற வேறுபாடு மங்கிப்போயிற்று.

இதைத் திருத்த முன்வந்தவர்கள் இந்திய அறிஞர்களே. ஜுனாகத்தில் பேராசிரியராக இருந்த ஹோடிவாலா என்ற பார்சி அறிஞர், எட்டுத் தொகுதிகளையும் பக்கம் பக்கமாகச் சோதித்து, பெயரும் தேதியும் பொருளும் தவறிய இடங்களைத் திருத்தி 1939இல் தனி நூலே வெளியிட்டார். அலிகார் பேராசிரியர் முகமது ஹபீப், குஸ்ரோவின் நூலை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931இல் வெளியிட்டார். தென்னாட்டில் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1921இலேயே இந்தப் பாரசீகச் செய்திகளை நம் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நீலகண்ட சாஸ்திரியார் பாண்டியர் வரலாற்றில் அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆனாலும் திருத்தம் படித்தவர்கள் சிலர். எலியட்டை மட்டும் படித்தவர்கள் பலர். இன்றும் வகுப்புச் சண்டைக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த எட்டுத் தொகுதிகளைத்தான்.

போனதும் எரிந்ததும்

'நம் சுவடிகளைக் கொண்டு போய்விட்டார்களே' என்று நாம் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் 1857ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயப் படை தில்லியை மீண்டும் பிடித்தபோது நகரமே சூறையாடப்பட்டது. எலியட்டுக்கு உதவிய ஜியாவுத்தீன் அகமது கானின் நூலகமும் அந்தச் சூறையில் போயிற்று. அங்கே பாதுகாப்பாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த காலிபின் கவிதைகளும் போயின. காலிப் தம் கடிதங்களில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். செங்கோட்டையில் மிஞ்சியிருந்த முகலாயர் நூலகமும் அரசின் கைக்கு வந்து, 1876இல் லண்டனுக்கே போய்ச் சேர்ந்தது. எலியட் திரட்டியவை மட்டும் அவர் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தன. ஆக, எந்த ஆட்சி சுவடிகளைச் சேர்த்துக் காப்பாற்றியதோ அதே ஆட்சிதான் அவை காப்பாற்றப்பட வேண்டிய நிலையையும் உண்டாக்கியது.

நம் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராக அலைந்து சுவடி சேர்த்தவர்தான். அவர் கிடைத்த படிகளையெல்லாம் ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் காட்டி, மூல நூலை முழுமையாக நம் கையில் கொடுத்தார். எலியட் தமக்கு வேண்டிய பகுதிகளை எடுத்துக் கொடுத்தார். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இனி நாம் செய்யக் கூடியது என்ன? லண்டனிலிருந்து சுவடிகள் திரும்பி வருமா என்பது அரசுகள் பேச வேண்டிய விஷயம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தில்லியிலேயே தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேசிய அருங்காட்சியகத்திலும் ஜாமியா ஹம்தர்த் நூலகத்திலும் ஏராளமான பாரசீக, அரபுச் சுவடிகள் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா ஆகிய மூன்றிலும் பாரசீக மொழி கற்பிக்கிறார்கள். தமிழ்க் கல்வெட்டும் படிக்கத் தெரிந்து பாரசீகமும் தெரிந்தவர்கள் இன்று விரல் விட்டு எண்ணத் தக்கவர்களே. 'பீர்தூல்' எந்த ஊர் என்று சொல்ல அப்படிப்பட்ட ஒருவர் தேவை. தில்லியில் பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் தெருவில் உருதும் கலந்த இந்தியும் பேசும் நம் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்? ஒருவராவது அந்தப் பக்கம் திரும்பினால் நன்றாயிருக்கும்.

என் மாமாவுக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். அலாய் தர்வாசாவில் மதுரைப் பொன் கலந்திருக்கிறது என்று சொல்ல எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை. வருஷம் ஒன்றாக இருப்பது மட்டும் உண்மை என்று குறிப்பிட்டிருந்தேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: "பொன் போனது போகட்டும்ப்பா. ஐநூறு யானையா, அறுநூறு யானையா? அதை முதல்ல சரியாச் சொல்ல ஆள் வேணும்."